வரைபடத்தில் சிவந்து தெரியும் எங்கள் வார்டு

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நகரக் குழந்தைகளின் உடல்நலத்தை வார்டு வாரியாகக் காட்டும் இணைய வரைபடம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். ஆஸ்துமாவுக்காக அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் என்ற அடுக்கைத் தேர்ந்தெடுத்தால், எங்கள் வார்டு மிக அடர்ந்த சிவப்பில் தெரிகிறது. அதைச் சொடுக்கினால் "ஆண்டுக்கு 1,000 குழந்தைகளுக்கு 31" என்று வருகிறது. நகரச் சராசரி 14. வார்டில் 420 குழந்தைகள் இருப்பதாகவும் அதே தளம் சொல்கிறது. பள்ளியை ஒட்டிப் பெருஞ்சாலை செல்வதால் அதுவே காரணம் என்று எங்கள் பெற்றோர் குழு நம்புகிறது. படத்தை அச்சிட்டு நகர நிர்வாகத்திடம் கொடுக்க எண்ணியுள்ளோம். இதற்கிடையே, குழந்தைகளின் உயரக் குறைபாட்டைக் காட்டும் இரண்டு வரைபடங்களில் ஒன்று எங்கள் பகுதிக்கு 19 விழுக்காடு என்றும் மற்றொன்று 27 விழுக்காடு என்றும் காட்டுவதைக் கண்டு குழப்பமாக இருக்கிறது. எதை நம்புவது? ஆஸ்துமா உள்ள மாணவர்களின் வீடுகளைப் புள்ளி வைத்துக் குறித்து நாங்களே ஒரு வரைபடம் தயாரிக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

படத்தை அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே எழுதிக் கேட்டது நல்லதாயிற்று. நகர நிர்வாகத்திடம் போங்கள். ஆனால் கையில் கொண்டுபோக வேண்டியது அந்தச் சிவப்புப் படம் மட்டுமாக இருக்கக் கூடாது. மாணவர்களின் வீடுகளைப் புள்ளி வைத்துக் குறிக்கும் திட்டத்தை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சமுதாய நலத் துறையில் குழந்தை மருத்துவராக இத்தகைய வரைபடங்களோடு பல ஆண்டுகள் பழகியதில் எனக்குப் படிந்த வழக்கம் ஒன்று உண்டு: வண்ணத்தைப் பார்த்தவுடன், அதன் கீழே எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களை யார் எங்கே எண்ணினார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவேன். உங்கள் மூன்று கேள்விகளும் அந்தத் தேடலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணைத் தொகுதி என்றும் கீழே இருக்கும் எண்ணைப் பகுதி என்றும் வகுப்பில் நீங்களே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த நிலப்பரப்பையும் நாம் பகுதி என்றே அழைக்கிறோம். இந்தச் சொல் ஒற்றுமை தற்செயலானதாக இருக்கலாம். எனக்கு அது மிகவும் பயன்பட்டிருக்கிறது. வரைபடத்தில் ஒரு பகுதியைப் பார்க்கும்போதெல்லாம் கணக்கில் அதன் பகுதி என்ன என்று கேட்டுக்கொள்வேன். உங்கள் வார்டில் பகுதி 420. ஆயிரத்துக்கு 31 என்றால், 420 குழந்தைகளுக்கு 13 வருகைகள். நகரச் சராசரியின்படி அங்கே எதிர்பார்க்க வேண்டியது ஏறத்தாழ 6. ஆகவே அந்த அடர்ந்த சிவப்பு முழுவதும் ஓர் ஆண்டில் கூடுதலாக நிகழ்ந்த ஏழு வருகைகளின் மேல் நிற்கிறது. ஏழு வருகைகளை நான் அற்பமாகக் கருதவில்லை. மூச்சுத் திணறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடிய ஒரு தாய்க்கு ஒரு வருகையே பெரிது. ஆனால் 13 என்ற எண் அடுத்த ஆண்டே 8 ஆகவும் அதற்கடுத்த ஆண்டு 16 ஆகவும் மாறினால், அந்த ஏற்ற இறக்கத்துக்கு எந்தக் காரணமும் தேவையில்லை; சிறிய எண்களின் இயல்பே அதுதான். இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்குப் புள்ளியியலார் கணக்கிடும் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 16 முதல் 53 வரை விரிகிறது. அதன் கீழ் எல்லை நகரச் சராசரியைவிடச் சற்றே மேலே இருக்கிறது. ஏதோ இருக்கக்கூடும் என்று சொல்ல இது போதும். "நகரத்திலேயே மோசமான வார்டு" என்று பதாகை எழுதப் போதாது.

அந்த இடைவெளிகூட, 13 வருகைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டது. அவசரச் சிகிச்சைப் பதிவேட்டில் எண்ணப்படுபவை பெரும்பாலும் வருகைகளே, குழந்தைகள் அல்லர். ஒரு குழந்தை நான்கு முறையும் இன்னொரு குழந்தை மூன்று முறையும் வந்திருந்து, மற்ற ஆறு பேர் ஒவ்வொரு முறை வந்திருந்தால், 13 வருகைகளுக்குப் பின்னால் எட்டுக் குழந்தைகள்தாம் இருக்கிறார்கள். நகரச் சராசரியும் அவ்வாறே எண்ணப்பட்டது என்பதால் அதுவும் சுருங்கத்தான் செய்யும்; எவ்வளவு சுருங்கும் என்பது படத்தில் தெரியாது. ஆனால் இந்த வேறுபாடு, செய்ய வேண்டிய வேலையையே மாற்றிவிடுகிறது. ஒரே குழந்தை மீண்டும் மீண்டும் அவசரச் சிகிச்சைக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் நோயைக் கட்டுக்குள் வைக்கும் அன்றாட உறிஞ்சு மருந்து (இன்ஹேலர்) அக்குழந்தைக்குக் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் சரியான முறையில் உறிஞ்சக் கற்றுத் தரப்படவில்லை என்று பொருள். பல குழந்தைகள் ஒவ்வொரு முறை வருகிறார்கள் என்றால், அனைவரும் பகிர்ந்துகொள்ளும் காற்றையோ வீடுகளின் ஈரத்தையோ சந்தேகிக்க இடமுண்டு. இவ்விரண்டும் வரைபடத்தில் ஒரே சிவப்பாகவே தெரியும்.

மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து பிறந்த வரைபடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை நோயைக் காட்டுவதாகத் தோன்றினாலும், மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நோயை மட்டுமே காட்டுகின்றன. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்திலுள்ள வார்டு சிவந்து தெரியும். இரவில் வண்டி கிடைக்காத ஊர்க்கோடி வார்டு வெளிறித் தெரியும். பின்னதில்தான் பிள்ளைகள் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்பது நேரில் போனால்தான் புரியும். உங்கள் வார்டுக்கு அருகே அவசரச் சிகிச்சைப் பிரிவு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகவரி விஷயத்தில் நானே ஒருமுறை தலைகுனிந்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், குழந்தைகளின் வயிற்றுப்போக்குப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, ஒரே ஒரு தெருமுனையில் தீப்பற்றியதுபோல் எரியும் வரைபடம் ஒன்றைத் தயாரித்து, மேலதிகாரிகள் நிறைந்த கூட்டத்தில் பெருமையோடு விளக்கினேன். அந்த இடத்தைத் தேடிப் போனபோது அங்கே வீடே இல்லை. முகவரி முழுமையாக எழுதப்படாத குழந்தைகளை எல்லாம் மென்பொருள் ஊரின் நடுப்புள்ளியில் கொண்டுபோய்க் குவித்திருந்தது. இது என் ஒருவருடைய தவறு மட்டுமன்று என்பது பின்னாளில் தெரிந்து ஆறுதலாக இருந்தது. ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க எண்கள்) பதிவாகாத தரவுகள் பூஜ்யம் அட்சம், பூஜ்யம் தீர்க்கம் என்ற புள்ளியில், அதாவது ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாக் கடலில் போய் விழுவது அவ்வளவு வழக்கமாகிவிட்டதால், வரைபடத் துறையினர் அந்த இல்லாத இடத்துக்கு "பூஜ்யத் தீவு" என்று வேடிக்கையாகப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு நகர வரைபடத்தில் நடுப்பகுதி மட்டும் காரணமின்றிச் சிவந்திருந்தால், இந்தத் தீவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் பூசும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் தளத்தின் விளக்கக் குறிப்பைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். பல தளங்கள் வார்டுகளை வரிசைப்படுத்தி ஐந்து சம கூறுகளாக்கி ஐந்து வண்ணம் பூசுகின்றன. 50 வார்டுகள் உள்ள நகரில் பத்து வார்டுகள் எப்போதும் அடர்சிவப்பாகவே இருக்கும். நகரம் முழுவதும் நோய் பாதியாகக் குறைந்தாலும் அந்தப் பத்து குறையாது. சம எண் இடைவெளியில் வண்ணம் பூசினால் இதே தரவு முற்றிலும் வேறு படமாக வரும். வேறு ஒன்றையும் கவனியுங்கள்: சாம்பல் நிறத்தில் உள்ள வார்டுகளில் நோய் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணிக்கை மிகச் சிறிதாக இருந்தால், குழந்தைகளை அடையாளம் காண முடியாதிருக்கும் பொருட்டு எண்ணையே மறைத்துவிடுவது பல தளங்களில் விதி. அந்த மறைப்புக்கும், தரவே வராமைக்கும் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறத்தைத்தான் பூசுகிறார்கள்.

எல்லைக்கோடு பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் தன் குடிநீர் ஆதாரத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. அந்நீரில் அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படாததால், பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மாநில அதிகாரிகளிடம் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. ஆனால் அஞ்சல் குறியீட்டு எண்களின்படி தொகுத்துப் பார்த்தபோது உயர்வு துலங்கவில்லை. மோனா ஹன்னா அத்திஷா என்ற குழந்தை மருத்துவர் இதை ஏற்காமல், தம் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து, ரிக் சாட்லர் என்ற புவியியலாளரின் துணையோடு ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் அது உண்மையில் எந்த நீரைக் குடிக்கிறது என்பதன்படி பிரித்தார். சிக்கல் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அஞ்சல் முகவரியில் ஃபிளின்ட் என்று எழுதப்படும் வீடுகளில் கணிசமானவை நகர எல்லைக்கு வெளியே இருந்தன. அவற்றுக்கு அந்த ஆற்று நீர் போகவே இல்லை. நஞ்சு கலந்த நீரைக் குடித்த குழந்தைகளையும் குடிக்காத குழந்தைகளையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்ததால் உயர்வு நீர்த்துப்போயிருந்தது. நகர எல்லைக்குள் மட்டும் எண்ணியபோது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் இரத்த ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களின் பங்கு 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாக ஏறியிருந்தது. நீரில் ஈயம் மிகுந்த பகுதிகளில் 4.0 விழுக்காட்டிலிருந்து 10.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 2015 செப்டம்பரில் அவர் இதை வெளியிட்டார். அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது. குழந்தைகள் அதே குழந்தைகள்தாம். மாறியது கோடு ஒன்றுதான்.

உங்கள் வார்டின் எல்லையும் தேர்தலுக்காகவோ வரிவசூலுக்காகவோ போட்டதாக இருக்கலாம். காற்றுக்கும் நீருக்கும் அந்தக் கோடு தெரியாது. தாளில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு தெருக்கள், ஒவ்வொன்றிலும் நூறு குழந்தைகள். முதல் இரண்டு தெருக்களில் இருபது இருபது பேருக்கும், மற்ற இரண்டில் நான்கு நான்கு பேருக்கும் நோய். முதல் இரண்டையும் ஒரு வார்டாகச் சேர்த்தால் அங்கே 20 விழுக்காடு, மற்ற வார்டில் 4. முதல் தெருவை மூன்றாவதோடும் இரண்டாவதை நான்காவதோடும் சேர்த்தால் இரண்டு வார்டிலும் 12. வரைபடம் ஒரே நிறமாகிவிடும். புள்ளியியல் புவியியலில் இது நெடுங்காலமாக அறியப்பட்ட சிக்கல். தளத்தில் வார்டைவிடச் சிறிய அலகையோ பெரிய அலகையோ தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லா அலகிலும் உங்கள் பகுதி மேலே நிற்கிறது என்றால் என் சந்தேகம் பெருமளவு குறையும்.

இனி பெருஞ்சாலை. உங்கள் பெற்றோர் குழுவின் ஊகம் வலுவற்றதன்று. வாகனப் புகை குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டுகிறது என்பதற்கு ஆதாரங்கள் நிறைய உண்டு. ஆயினும் புகையின் அடர்த்தி சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் பெருமளவு குறைந்துவிடும். வார்டு முழுவதையும் ஒரே சிவப்பாகப் பூசிய படம், சாலையோர வீட்டையும் கோடியிலுள்ள வீட்டையும் வேறுபடுத்தாது. சாலை அடுக்கையும் ஆஸ்துமா அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும் இரண்டும் பொருந்துவதாகக் கண் சொல்லிவிடும். அதே கண் ஈரக் கசிவுள்ள பழைய வீடுகளையும், வீட்டுக்குள் புகைபிடிப்பதையும், அடுப்புப் புகையையும் பார்க்காது, ஏனெனில் அந்த அடுக்குகள் தளத்தில் இல்லை. வட்டாரச் சராசரிகளிலிருந்து தனிமனிதரைப் பற்றி முடிவு செய்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதை 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் காட்டினார். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. தனித்தனி ஆட்களாக எடுத்துப் பார்த்தாலோ வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகமாக இருந்தது. அவர்கள் படித்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நோய் வரைபடம் என்றால் எல்லோரும் 1854ஆம் ஆண்டு லண்டன் காலராவையும் அதை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்நோவையும் சொல்வார்கள். பிராட் தெருக் குழாயைச் சுற்றிக் கருங்கோடுகள் குவிந்த அந்தப் படம் கொள்ளைநோயை நிறுத்தியது என்று கதைபோல் சொல்லப்படுகிறது. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8 அன்று. புகழ்பெற்ற வரைபடம் அதற்குப் பின்னரே வரையப்பட்டது. ஸ்நோ முதலில் செய்தது வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். உங்களுக்கு இதில் முக்கியமானது வேறொரு செய்தி. இறந்தவர்களில் பத்துப் பேருடைய வீடுகள் மட்டும் வேறு குழாய்களுக்கு அருகே இருந்தன. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் இவை ஊகத்துக்கு எதிரான சான்று என்றே கொள்வார். ஸ்நோ விசாரித்தார். ஐந்து குடும்பங்கள் பிராட் தெரு நீரையே விரும்பி எடுத்து வந்திருந்தன. மூவர் குழந்தைகள், அவர்களுடைய பள்ளி பிராட் தெருக் குழாயருகே இருந்தது. நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வரைபடங்கள் பெரும்பாலும் குழந்தையை அது உறங்கும் இடத்தில்தான் குறிக்கின்றன. அது மூச்சு விடும், நீர் குடிக்கும், ஓடி விளையாடும் பகல் நேரம் படத்தில் வருவதில்லை. உங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அண்டை வார்டுகளிலிருந்து வருகிறார்கள்? பெருஞ்சாலைப் புகைதான் காரணம் என்றால், பள்ளி இருக்கும் வார்டில் மட்டுமல்லாமல் அந்தப் பிள்ளைகளிடமும் அதன் தடம் தெரிய வேண்டும். இந்தக் கேள்விக்கு எந்த இணைய வரைபடமும் விடை தராது. உங்கள் வருகைப் பதிவேடு தரும்.

உயரக் குறைபாட்டின் 19க்கும் 27க்கும் வருகிறேன். இரண்டுமே உண்மையாக இருக்க இடமுண்டு. முதலில் வயது வரம்பைப் பாருங்கள்: ஒன்று ஐந்து வயதுக்குட்பட்டோரையும் மற்றொன்று பள்ளியில் சேரும் குழந்தைகளையும் அளந்திருக்கலாம். அடுத்து அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து புதிய வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. அதற்கு முந்தைய அளவுகோலால் கணக்கிட்ட பழைய எண்களை இவற்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது. வயதுக்குரிய இடைநிலை உயரத்திலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (உயரங்கள் இயல்பாகச் சிதறும் அளவு) கீழே இருந்தால் உயரக் குறைபாடு என்பது வரையறை. அதன்படி, நன்கு வளரும் குழந்தைகள் நூறு பேரிலும் இரண்டு பேராவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வேறுபாடு எண் பிறந்த விதம். சில வரைபடங்கள், மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு பெரிய மாவட்டத்துக்குக் கிடைத்த ஒற்றை எண்ணை அதிலுள்ள எல்லாச் சிறு பகுதிகளுக்கும் பூசிவிடுகின்றன. வேறு சில, 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் கட்டங்களாக நுணுக்கமாகத் தெரிந்தாலும், அக்கட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு குழந்தையையும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மழை, சாலைத் தொலைவு, தாய்மாரின் கல்வி போன்றவற்றை வைத்துக் கணினி ஊகித்த மதிப்பீடுகள் அவை. அந்த ஊகம் கொள்கை வகுப்போருக்கு மிகப் பயனுள்ளது; ஒரு தெருவைப் பற்றிச் சண்டையிடப் பயன்படாது. பல நாடுகளில் நடத்தப்பட்ட மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பான டி.எச்.எஸ். வெளியிட்ட புள்ளிகளைப் பாருங்கள். குடும்பங்களின் அடையாளத்தைக் காப்பதற்காக, நகர்ப்புறப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரையிலும், ஊரகப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரையிலும், ஊரகப் புள்ளிகளில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரையிலும் வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். திரையைப் பெரிதாக்கி உங்கள் தெருவில் ஒரு புள்ளியைக் கண்டால், அது உங்கள் தெருவுடையது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே 19, 27 இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வர மாட்டேன். உங்கள் பள்ளியில் உயரம் அளக்கும் பலகை இருக்குமே. பிறந்த தேதி சரியாகத் தெரிந்த குழந்தைகளை ஒரே முறையில் அளந்தால், உங்கள் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரைபடங்களையும்விட நன்றாக நீங்களே அறிவீர்கள்.

வீடுகளைப் புள்ளி வைக்கும் எண்ணத்தை ஏன் மறுக்கிறேன் என்று சொல்கிறேன். பெயர் எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். ஒரு தெருவில் பத்து வீடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி பெயருக்குச் சமம். மருத்துவ இதழ்களில் அச்சான, தெளிவு குறைந்த புள்ளி வரைபடங்களிலிருந்தே நோயாளிகளின் முகவரிகளை மீட்டெடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் 2006இல் நிரூபித்துவிட்டார்கள். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுள்ள படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தை பத்து வயதில் குணமடைந்துவிடலாம். இணையத்தில் விட்ட புள்ளி அதன் இருபது வயதிலும் அங்கேயே இருக்கும். பெற்றோர் குழுவில் சிலர் மனமுவந்து ஒப்புக்கொள்வார்கள் என்பதும் எனக்குப் போதாது. ஆசிரியை கேட்கும்போது மறுக்க எத்தனை பெற்றோருக்குத் துணிவு வரும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நோயுள்ளவர்களை எண்ணியே ஆக வேண்டுமென்றால், பள்ளி முழுவதற்குமான ஒரே எண்ணாக, பள்ளிச் செவிலியரோ சுகாதார அலுவலரோ எண்ணட்டும். பிரித்துக் காட்டும்போது எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் குறைவான எண் வெளிப்படாதபடி பார்த்துக்கொள்ளட்டும்.

மாறாக, இடங்களைக் குறியுங்கள். அதில் தடையே இல்லை, நிபுணர்களைவிட நீங்கள் நன்றாகவும் செய்வீர்கள். 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்டிரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தம் பகுதியின் நடைபாதைகளையும் கட்டடங்களையும் சேர்க்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழிகள், வண்டிகள் இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும் இடங்கள், சாலையைக் கடக்குமிடங்கள், விளையாடும் திடல்கள், குப்பை எரியும் மூலைகள், தடுப்பூசி போடும் மையம் ஆகியவற்றைப் பெற்றோரே நடந்து குறிக்கலாம். மையத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு "அனைவரும் அருகில்தான்" என்று காட்டும் தளங்களை நம்பிவிடாதீர்கள். நடுவே பெருஞ்சாலை இருந்தால், பாலம் ஏறி இறங்கிக் கைக்குழந்தையோடு நடக்கும் தூரம் அந்த வட்டத்துக்குத் தெரியாது. ஒரு தாயை நடக்கச் சொல்லி மணி பாருங்கள். இரண்டு வாரம், பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும், வாயிலில் நிற்கும் கனரக வண்டிகளை உங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகளே உள்ளிருந்து எண்ணட்டும். கணக்குப் பாடமும் ஆயிற்று.

நகர நிர்வாகத்துக்கு எழுதும்போது, "எங்கள் வார்டு மோசமானது" என்ற சொல் வேண்டாம். எண் நிலையற்றது என்று அவர்களுடைய புள்ளியியலாளர் ஒரே வரியில் உங்களை மறுத்துவிடுவார் என்பது ஒரு காரணம். அந்தப் பெயர் வார்டில் வாழும் குடும்பங்களின்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். மாறாக இப்படி எழுதுங்கள்: "தங்கள் வரைபடத்தில் எங்கள் வார்டின் 420 குழந்தைகளுக்கு ஓர் ஆண்டில் 13 அவசர வருகைகள் பதிவாகியுள்ளன; நகரச் சராசரிப்படி 6 எதிர்பார்க்கலாம். இது தொடர்கிறதா என்பதை அறிய, கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான மொத்த எண்ணிக்கையும், வருகை எத்தனை, குழந்தைகள் எத்தனை என்ற பிரிவும், சாலையிலிருந்து 300 மீட்டருக்கு உள்ளும் வெளியும் உள்ளவர்களுக்கான தனித்தனி எண்ணிக்கையும் தாருங்கள். பள்ளி வாயிலில் ஒரு மாதம் காற்றுத் தர அளவியை வைக்கவும் வேண்டுகிறோம்." இதனோடு நீங்கள் தயாரித்த இடங்களின் வரைபடத்தையும் வண்டிக் கணக்கையும் இணையுங்கள். கேட்ட எண்ணிக்கைகள் அனைத்தும் அவர்களிடம் ஏற்கெனவே உள்ள பதிவேடுகளிலிருந்து, எந்தக் குழந்தையின் பெயரும் வெளிவராமல் எடுக்கக் கூடியவை. ஆகவே முடியாது என்று எளிதில் சொல்லிவிட மாட்டார்கள்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்குகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய உறிஞ்சு மருந்து பள்ளியில் பூட்டிய அறையிலா, கைக்கெட்டும் இடத்திலா இருக்கிறது என்று நாளைக் காலையிலேயே பாருங்கள். ஐந்தாண்டு எண்ணிக்கை கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். சாலையை ஒட்டிய எண்ணும் தள்ளியுள்ள எண்ணும் எந்த அளவு வேறுபட்டால் பொருட்படுத்தலாம் என்பதை அப்போது சேர்ந்து கணக்கிடலாம்.